பரட்டை அண்ணனை நினைப்பது

(இடம்: மதுரை அரசரடி. குரு, இறையியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். சீடர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமச் சபை ஒன்றில் ஆயராக இருக்கும் இளம்பெண்.)

சீடர்: தியோபிலஸ் அப்பாவு ஐயா மறைந்து 20 ஆண்டு ஆகிவிட்டது. எங்கள் சபையில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைக்கிறோம். பேச வேண்டியவள் நான். எழுதினேன், ஆனால் அதில் அவர் இல்லை.

குரு: பரட்டை அண்ணன் என்று சொல்லம்மா. மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் அந்தப் பெயரைச் சொன்னால்தான் முகங்கள் மலரும். எழுதியதை வாசி.

சீடர்: 1940-இல் பிறந்தார். அரசரடித் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியர். தலித் இறையியலாளர். நாட்டார் வழக்காறு சமூக மாற்றத்துக்கு எப்படி உதவும் என்று 1986-இல் ஆங்கிலத்தில் நூல் எழுதினார். கிராமிய இசையில் வழிபாட்டு முறை அமைத்தார். 2005-இல் மறைந்தார். அவர் இசையைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் சோயி ஷெரினியன் எழுதிய நூல் 2014-இல் வந்தது.

குரு: எல்லாம் சரிதான். உன் சபையில் ஒரு பாட்டி எழுந்து, ‘அதெல்லாம் இருக்கட்டும் தாயி, அந்த மனுசன் சாமிய எப்படி நம்புனாரு’ என்று கேட்டால் என்ன சொல்வாய்?

சீடர்: அங்கேதான் பேனா நின்றுவிட்டது. நம்பிக்கை உள்ளே இருப்பது. இன்னொருவர் உள்ளத்தை நான் எப்படிச் சொல்வது? சபையில் ஒருவர் இறந்தால் ஜெபவீரர் என்கிறோம், உபவாசத்தில் நின்றவர் என்கிறோம், வேதத்தைக் கரைத்துக் குடித்தவர் என்கிறோம். அந்தச் சொற்களில் ஒன்றுகூட இவர்மேல் உட்காரவில்லை.

குரு: ஒருவருடைய விசுவாசத்தை அறிய வேண்டுமானால், கடவுளிடம் அவர் எதைக் கேட்கத் துணிந்தார் என்று பார். நாம் பேசும் பேச்சில் நடிக்கலாம். கேட்கும் இடத்தில் நடிப்பது கஷ்டம். பசித்தவன் கேட்பதும் பசியாதவன் கேட்பதும் ஒன்றாக இருக்காது. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தைப் பரட்டை அண்ணன் கிராமியப் பாட்டாகக் கட்டினாரே, அதில் என்ன கேட்டார்?

சீடர்: கடவுளைப் ‘பெத்தவரே’ என்று கூப்பிட்டார். தகப்பனா தாயா என்று பிரிக்காத கூப்பாடு அது. அன்றாட உணவைக் கேட்கும் இடத்தில் ஒரு உலைச் சோற்றைக் கேட்டார்.

குரு: அவருடைய இறையியல் முழுவதும் அந்த ஒரு உலையில் இருக்கிறது. எனக்கு என் சோற்றைத் தா, அவனுக்கு அவன் சோற்றைத் தா என்று கேட்டிருந்தால் அது நியாயமான ஜெபம்தான், யாரும் குறை சொல்ல முடியாது. அவர் அதோடு நிற்கவில்லை. நாங்கள் எல்லாரும் ஒரே அடுப்பில் பொங்கி ஒன்றாக உண்ணும் குடும்பமாக வேண்டும் என்று கேட்டார். ஒரு உலையில் உண்கிறவர்கள்தான் நம் ஊரில் ஒரு குடும்பம். தனி உலை வைத்துவிட்டால் பாகம் பிரிந்துவிட்டது என்று பொருள். அண்ணன் தம்பி பிரிந்தால்கூட முதலில் பிரிவது அடுப்புதானே? அந்தக் கணக்கில் பார்த்தால், சாதி என்பது ஒரே தாய் பிள்ளைகள் காலங்காலமாகத் தனி உலை வைத்திருப்பது. பெற்றவரிடமே போய் அதைச் சொல்லி முறையிட்டார் அவர்.

சீடர்: ஆனால் ஐயா, சேர்ந்து உண்ண வேண்டும் என்று அவருக்கு முன்பே மதுரையில் சொல்லியிருக்கிறார்களே. அமெரிக்க மிஷன் ஊழியர்கள் 1834-இல் யாழ்ப்பாணத்திலிருந்து இங்கே வந்தார்கள். 1847-இல் சபையில் இருக்க வேண்டுமானால் சாதியை விட வேண்டும், எந்தச் சாதிக் கிறிஸ்தவரோடும் உட்கார்ந்து உண்ணத் தயாராக இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். மறுத்த உபதேசியார்களையும் சபையாரையும் நீக்கினார்கள். பரட்டை அண்ணன் புதிதாக என்ன சொன்னார்?

குரு: நல்ல இடத்தில் பிடித்தாய். அந்த மிஷன்காரர்கள் செய்தது துணிவான காரியம், அதை மறுக்க மாட்டேன். தென்பக்கம் வடக்கன்குளத்தில் ஒரே கோவிலுக்குள் இரண்டு சாதிக் கிறிஸ்தவர்களும் ஒருவரையொருவர் பார்க்காதபடி சுவர் வைத்திருந்தார்கள். அதை 1910-இல்தான் இடித்தார்கள். அதற்கு அறுபது ஆண்டுக்கு முன்பே மதுரையில் இலையைப் போட்டு உட்கார் என்று சொல்ல நெஞ்சுரம் வேண்டும். ஆனால் அந்தப் பந்தியை நன்றாக யோசித்துப் பார். சோறு அங்கே சோதனையாக வந்தது. உட்கார்ந்தவன் தேறினான், எழுந்தவன் தோற்றான். கேள்வி எல்லாம் மேல்சாதிக்காரனைப் பார்த்தே கேட்கப்பட்டது. நீ இவனோடு உண்பாயா? அந்த இவன் என்ன நினைத்தான் என்று யாராவது கேட்டார்களா? தன்னோடு உண்பதே இன்னொருவனுக்குத் தேர்வாக வைக்கப்பட்டிருக்கும்போது அவனுக்குச் சோறு தொண்டைக்குள் இறங்குமா?

சீடர்: அதை நான் நினைத்துப் பார்த்ததில்லை. பந்தியில் அவனும் உட்கார்ந்திருக்கிறான், ஆனால் அவன் தேர்வுத்தாள்.

குரு: பரட்டை அண்ணன் இதைத் திருப்பிப் போட்டார். உலை ஏழையினுடையது. அதைப் பொங்கத் தெரிந்தவர்கள் அவர்கள். இருப்பதைக் கொட்டிப் பகிர்ந்து உண்ணும் வழக்கம் சேரியில் ஏற்கனவே இருந்தது. சபை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றார். மேலிருந்து இறங்கும் தயவாக அவர் சமத்துவத்தைப் பார்க்கவில்லை. கீழே ஏற்கனவே நடந்துகொண்டிருப்பதில் கடவுள் இருக்கிறார் என்று நம்பினார். உன் பாட்டி கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அவர் நம்பிய சாமி அந்த அடுப்படியில் இருந்த சாமி.

சீடர்: அடுப்படி என்றால் எனக்கு ஒரு நெருடல் உண்டு, ஐயா. கோபிக்கக் கூடாது.

குரு: சொல்லம்மா.

சீடர்: ஒரு உலை, ஒரு உலை என்று பாடுகிறோம். உலைக்கு முன்னால் யார் நிற்பது? எங்கள் ஊரில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் என்னும் சபை விருந்து வரும்போது ஆண்கள் இரவெல்லாம் அண்டா வைத்து ஆட்டுக்கறி சமைப்பார்கள். அதைப் பற்றி அடுத்த அசனம் வரை பேச்சு ஓடும். மற்ற நாளெல்லாம் புகையில் நிற்பது பெண்கள். பொதுச் சோறு என்று எவ்வளவு அழகாகப் பேசினாலும் பெண் கடைசியாக உண்ணும் வீட்டில் அது ஒரு உலை ஆகாது.

குரு: ஆகாதுதான். உலை ஒன்றாக இருந்து உண்ணும் வரிசை இரண்டாக இருந்தால் பாதிதான் நடந்திருக்கிறது. ‘பெத்தவரே’ என்று அவர் கூப்பிட்டதில் இதற்கும் ஒரு வாசல் இருக்கிறது என்று நினைக்கிறேன். கடவுளுக்குள் தாயைச் சேர்த்துவிட்டு, பந்தியில் தாயைக் கடைசியில் வைக்க முடியாது. ஆனால் அந்த வாசல் வழியாக எவ்வளவு தூரம் நடப்பது என்பது உங்கள் கையில் இருக்கிறது. பவுல் கொரிந்து சபைக்கு எழுதியதை எடுத்துப் பார். திருவிருந்தைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து அதுதான், ஏறத்தாழ கி.பி. 55. எதற்காக எழுதினார்?

சீடர்: பணக்காரர்கள் முதலிலேயே உண்டு குடித்துவிட, ஏழைகள் பசியோடு இருந்தார்கள். அதற்காகக் கண்டித்து எழுதினார்.

குரு: ஆம். தம்மை நினைக்கும்படி இயேசு கடைசி இரவில் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார் என்ற செய்தியே அந்தக் கண்டனத்துக்கு நடுவில்தான் வருகிறது. யார் முதலில் உண்டார், யார் பட்டினி கிடந்தார் என்ற வழக்கைத் தீர்க்கத்தான் பவுல் அந்த இரவை நினைவூட்டினார். நாம் வழக்கை மறந்துவிட்டு இரவை மட்டும் வெள்ளித் தட்டில் வைத்திருக்கிறோம். 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிடேரியன், கங்ரிகேஷனல் மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. உலகமே வியந்த ஒன்றிப்பு. இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் அமெரிக்காவிலும் பிரிந்தவர்கள் நம் மண்ணில் சேர்ந்தார்கள். நம் மண்ணில் பிரிந்தவர்கள்? ஊர்த்தெருச் சபையும் சேரிச் சபையும் அடுத்தடுத்த மணிச் சத்தத்தில் தனித்தனியே கூடிய ஊர்கள் இருந்தன. இதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

சீடர்: அப்படியானால் அவர் இசையைத் தேர்ந்ததும் இதற்காகத்தானா? நான் படித்த காலத்தில் அதை ஒரு ரசனை என்றுதான் எடுத்துக்கொண்டேன். சிலருக்குக் கீர்த்தனை பிடிக்கும், சிலருக்குப் பாமாலை, அவருக்குக் கிராமிய மெட்டு.

குரு: ரசனை என்று விட்டுவிட்டால் அவரைக் குறுக்கிவிடுவோம். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் மரபில் வந்த கீர்த்தனையை அவர் இளக்காரமாகப் பார்க்கவில்லை. அவர் கேட்டது வேறு. ராகம் தெரிந்தவன்தான் பாட முடியும், சுத்தத் தமிழ் வாய்க்கு வந்தவன்தான் முன்வரிசையில் நிற்க முடியும் என்றால், கடவுளிடம் பேசவும் தகுதிச் சான்றிதழ் கேட்கிறோமா என்று கேட்டார். மேல்நாட்டு மெட்டும் அப்படியே. அச்சடித்த தாள் வேண்டும், ஆர்மோனியமோ ஆர்கனோ வேண்டும். நடவு நடுகிறவளுக்கு எதுவும் வேண்டாம். அவள் மெட்டு அவள் மூச்சில் இருக்கிறது. காசு கேட்காத, யாருடைய அனுமதியும் கேட்காத ஊடகம் அதுதான் என்று கண்டார்.

சீடர்: பறையும் அப்படித்தானா? எங்கள் சபையில் இன்னும் சில பெரியவர்கள் பறையைக் கோவிலுக்குள் விடமாட்டோம் என்கிறார்கள். அவர்கள் மேல்சாதிக்காரர்கள் இல்லை, ஐயா. எங்கள் ஆட்கள்தான்.

குரு: அவர்கள் சொல்வதை அவசரப்பட்டுத் தள்ளாதே. சாவுக்கு அடிமை வேலையாகப் பறையடிக்க வைத்தார்கள். ‘இனி அடிக்க மாட்டோம்’ என்று பறையைத் தூக்கி எறிந்ததும் விடுதலைதான். அப்படி எறிந்த கையிடம் மறுபடி பறையைக் கொடுத்து இது உன் கலை என்றால், அந்தக் கை நடுங்கும். அரசரடிக் கல்லூரியில் பறை ஒலித்தபோது நடந்தது வேறு. யாரும் கூப்பிட்டு அடிக்கச் சொன்ன பறை இல்லை அது. பட்டதாரி மாணவர், மேல்சாதி வீட்டுப் பிள்ளை, பெண் என்று எல்லாரும் தோளில் மாட்டிக்கொண்டு அடித்த பறை. கட்டாயம் போன பிறகு அதே தோல், அதே குச்சி, வேறு சத்தம். இழவு வீட்டில் அடிக்கிற கொட்டு பலிபீடத்துக்கு முன்னால் அடிக்கப்பட்டால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. சிலுவையில் ஒருவர் செத்துக் கிடக்கிறார் என்று சொல்லும் இடம்தானே அது? நம் ஊரில் சாவை அறிவிக்க அதைவிட உண்மையான குரல் எது?

சீடர்: இதைப் பெரியவர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன். கேட்பார்களா தெரியாது. ஐயா, இப்போது முக்கியமான சந்தேகத்துக்கு வருகிறேன். கூட்டத்துக்காக எங்கள் சபைப் பெண்கள் அவருடைய ஜெபப் பாட்டைப் பழகினார்கள். பழகும்போதே மாற்றிவிட்டார்கள். நூறுநாள் வேலைக் கூலி வராததைச் சேர்த்தார்கள், குழாயில் தண்ணீர் வராததைச் சேர்த்தார்கள். மெட்டும் எங்கோ வளைந்துவிட்டது. நான் தடுத்தேன். இது அவர் பாட்டு, அவர் நினைவுக்குப் பாடுகிறோம், அப்படியே பாட வேண்டும் என்றேன்.

குரு: ஏன் தடுத்தாய்?

சீடர்: இறந்தவர் பதில் சொல்ல முடியாது. உயிரோடு இருப்பவர் பாட்டை மாற்றினால் அவர் ‘வேண்டாம்’ என்பார். இறந்தவர் பாட்டுக்குக் காவல் நாம்தான்.

குரு: அழகான நியாயம். கீர்த்தனைக்கு அது பொருந்தும். பாட்டுக்கு உடையவர் இருந்தால் காவலும் இருக்க வேண்டும். ஆனால் இந்த மனிதர் தன் வாழ்நாள் முழுக்க வாதாடியது எதற்காக? நாட்டுப்பாட்டின் பெருமையே அது யாருக்கும் சொந்தமில்லை என்பதுதான், பாடுகிறவர்கள் தங்கள் துன்பத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் என்றார். மாற்றும் உரிமை கையில் இருக்கும்வரை மக்கள் வெறும் கேட்பவர்கள் ஆகமாட்டார்கள், தாங்களே இறையியல் செய்வார்கள் என்று நம்பினார். அந்த மனிதருடைய பாட்டை ஒரு எழுத்து மாறாமல் காப்பாற்றினால் எதைக் காப்பாற்றியிருக்கிறோம்? குரலை வைத்துக்கொண்டு அவர் சொன்னதை விட்டுவிட்டோம் என்றுதான் ஆகும்.

சீடர்: அப்படியானால் மாற்றிக்கொண்டே போகலாமா? ஒருநாள் அவருடைய ஒரு வரிகூட மிஞ்சாது. அவர் பெயரும் போய்விடும்.

குரு: போகட்டுமே. திருவிருந்தில் அப்பம் என்ன ஆகிறது? உண்டவர்களுக்குள் மறைந்துபோகிறது. கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பார்க்கும்படி இயேசு அதைக் கொடுக்கவில்லை. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டி முனியாண்டி கோவில் விழாவைப் பார்த்திருப்பாயே. அண்டா அண்டாவாகப் பிரியாணி சமைத்து வந்தவர்களுக்கெல்லாம் கொடுக்கிறார்கள். சாமியை நினைப்பதென்றால் உலை வைப்பது என்று இந்தக் கரிசல் காட்டுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. பாட்டும் அப்படிக் கரைந்து போகலாம்.

சீடர்: இல்லை, ஐயா. இங்கே நான் உங்களோடு ஒத்துப்போக முடியாது. பெயர் போகட்டும் என்று சொல்வது யாருக்குச் சுலபம்? பெயர் கல்வெட்டில் இருப்பவர்களுக்குச் சுலபம். இந்த மதுரையில் டேனியல் பூர் பெயரில் நூலகம் இருக்கிறது. லேடி டோக் பெயரில் கல்லூரி இருக்கிறது. அவர்கள் செய்ததற்கு அது தகும். ஆனால் முதல் பள்ளிக்கூடத்துக்கு மண் சுமந்தவர்கள் பெயர் எங்கே? இழவு வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் புதுப்புது அடி கண்டுபிடித்தவர்கள் பெயர் எங்கே? நடவுப் பாட்டைக் கட்டியவள் பெயர்? யாருக்கும் சொந்தமில்லை என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் ஜனங்களிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டார்கள். எங்களிலிருந்து ஒருவர் எழுந்து, படித்து, பெயர் வாங்கி, அந்தப் பெயரையும் பரட்டை என்று வைத்துக்கொண்டு நின்றார். சீவாத தலையை ஏளனம் செய்த ஊரில் அந்த ஏளனத்தையே தலையில் சூடிக்கொண்டார். அந்தப் பெயரை நான் கரையவிட மாட்டேன்.

குரு: (சிறிது நேரம் கழித்து) நீ சொல்வது சரி. நான் பாட்டைப் பார்த்தேன், பாடியவர்களின் வரலாற்றைப் பார்க்கவில்லை. பெயரில்லாமல் இருப்பது துறவிக்கு ஒரு நிலை. பெயரே கொடுக்கப்படாதவனுக்கு அது துறவாகாது.

சீடர்: ஆனால் நீங்கள் சொன்னதும் சரிதான். பெண்கள் மாற்றிய வரிகளை நான் தடுத்திருக்கக் கூடாது. பாட்டு மாற வேண்டும், பெயர் நிற்க வேண்டும். இரண்டும் ஒன்றாக எப்படி நடக்கும் என்பதுதான் புரியவில்லை.

குரு: உங்கள் ஊரில் பறைக் குழு ஆட்டம் தொடங்கும்முன் என்ன செய்வார்கள்? கூத்துக்காரர்கள்? ஒயிலாட்டக்காரர்கள்?

சீடர்: சாமியைக் கும்பிடுவார்கள். பிறகு சொல்லிக்கொடுத்த வாத்தியாருக்கு வணக்கம் சொல்லிப் பாடுவார்கள்.

குரு: அதற்குப் பிறகு?

சீடர்: அதற்குப் பிறகு வாத்தியார் சொல்லிக்கொடுத்தபடியே ஆடமாட்டார்கள். அந்தந்த ஊருக்குத் தகுந்தபடி, கூட்டத்துக்குத் தகுந்தபடி, அப்போதைக்கு அப்போது கட்டிப் பாடுவார்கள்... ஐயா!

குரு: புத்தகத்தில் தேடினோம், உன் தெருவில் இருக்கிறது. வாத்தியார் பெயரை முதலில் சொல்வது கடமை. சொன்ன பிறகு தன் அடியை அடிப்பது உரிமை. வணக்கம் சொல்லாமல் ஆடினால் திருட்டு. வணக்கம் மட்டும் சொல்லிவிட்டு வாத்தியாரையே திருப்பி ஆடினால் அந்தக் கூட்டமே எழுந்து போய்விடும்.

சீடர்: அப்படியென்றால் நிகழ்ச்சி முறையை மாற்றுகிறேன். முதலில் பறைக் குழுவின் வாத்தியார் வணக்கம். அதில் பரட்டை அண்ணன் பெயர். அவரோடு எங்கள் ஊரில் பறையடித்துச் செத்துப்போன தாத்தாக்களின் பெயர்களையும் கேட்டு வாங்கிச் சேர்க்கிறேன். பறை வேண்டாம் என்கிற பெரியவர்களிடமிருந்தே அந்தப் பெயர்களைக் கேட்கப்போகிறேன். அவர்களுடைய அப்பாமார்தானே! பிறகு ஜெபப் பாட்டு, பெண்கள் கட்டிய வரிகளோடு. என் பேச்சு கொஞ்சம் போதும்.

குரு: திருவிருந்து?

சீடர்: உண்டு. அது முடிந்ததும் சோறு. ஊர்த்தெருச் சபைக்காரர்களையும் அழைத்திருக்கிறோம். சிலர் வரமாட்டார்கள் என்று இப்போதே தெரியும்.

குரு: வராதவர்களை என்ன செய்வதாக இருக்கிறாய்?

சீடர்: பெயர் குறித்து நீக்கப்போவதில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் அரிசி போடுகிறோம். அடுத்த வருஷமும் போய் அழைப்போம். ஆனால் அவர்களுக்காகப் பந்தியைத் தள்ளிவைக்க மாட்டோம், பறையையும் நிறுத்த மாட்டோம்.

குரு: அரிசி யார் கொடுப்பது?

சீடர்: வீட்டுக்கு ஒரு படி, ஆயர் வீடும் சேர்த்து. எல்லா அரிசியும் ஒரே அண்டாவில். இந்தத் தடவை சமையலுக்கும் பரிமாறவும் ஆண்கள். முதல் பந்தியில் பெண்கள் உட்காருகிறார்கள். நீங்கள் வந்தால் உங்களுக்கும் வேலை இருக்கிறது, ஐயா. வெங்காயம் மலைபோல் கிடக்கும்.

குரு: ஆரப்பாளையத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிடுகிறேன். அரிவாள்மணை ஒன்று எனக்கும் எடுத்துவை.